மடலுக்குக் கீழே ஒரு பேரு

அச்சுல என் பேரைப் பாக்கணும்னு எனக்கு ஆசை. இத முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் பாதியில வந்து "இதுக்கா இவ்ளோ பாடு?"ன்னு யாரும் கேக்கக் கூடாது. பொம்பளை நகை கேட்டா ஊரு ஒத்துக்கும், சேலை கேட்டா சிரிச்சிக்கும். ஒரு தாளுக்குக் கீழ தன் பேரைப் போடச் சொன்னா மட்டும், புள்ளைங்கள வுட்டுட்டு ஓடப் பாக்கிறவ மாதிரி மொறைக்கும். மொறைச்சா மொறைச்சிட்டுப் போகட்டும்.

என் பேரு மாணிக்கம்மாள். மலைக்குக் கீழ ஆலங்காயத்துல பொறந்து, பதினொண்ணாவது வரைக்கும் படிச்சிட்டு, மேல காவலூருக்கு வாக்கப்பட்டு வந்தவ. எங்க வூட்டுக்காரரு தங்கவேலுக்கு நட்சத்திரம் பாக்குற ஆபீசுல ஜெனரேட்டர் ஓட்டுற வேலை. நட்சத்திரத்தப் பகல்ல பாக்க முடியாதாம். அதனால அவருக்கு ராத்திரியில டியூட்டி, பகல்ல தூக்கம். இருக்கிறது ஒரு ரூமும் ஒரு அடுப்படியும். மூத்தவ செந்தாமரை பேசக் கத்துக்கினப்ப முழுசா சொன்ன முதல் பேச்சே "அப்பா தூங்குது" தான். சின்னவன் அப்ப மடியில பால் குடிக்கிறவன். அவனுக்கு அப்பா தூங்கினா இன்னா, ஆபீசரு தூங்கினா இன்னா. நெனைச்ச நேரத்துக்கு ஊரக் கூட்டுவான்.

அதனால என் எழுத்து வேலையெல்லாம் வூட்டுக்குப் பின்னால, துவைக்கிற கல்லு மேலதான். பலா மரத்துக் கிளையில ஏணை கட்டி, சின்னவன அதுல போட்டு, கயித்தக் கால் கட்டை வெரல்ல மாட்டிக்குவேன். காலு ஆட்டும், கை எழுதும். கண்ணு செந்தாமரை எங்க போறான்னு பாக்கும். இதுல மனசுன்னு ஒண்ணு எங்க இருந்துச்சின்னு எனக்கே தெரியாது. எழுதி முடிச்சா இடுப்பு கழண்டு போகும், அப்புறம்தான் அடுப்புப் பத்த வைக்கணும்.

ஆரம்பத்துல மெட்ராசு பத்திரிகைங்களுக்குக் கதை எழுதிப் போட்டேன். தாளுக்கு ஒரு பக்கம்தான் எழுதணும், திரும்பி வர்றதுக்கு ஸ்டாம்பு ஒட்டின கவரையும் நம்பளே வெக்கணும். நம்ப ஸ்டாம்பு, நம்ப கவரு, நம்ப கதை, எல்லாம் ஒழுங்கா நம்ப வூட்டுக்கே திரும்பி வரும். 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்'னு ஒரு துண்டுத் தாளு மட்டும் அவங்களுது. அவங்க வருந்தி எனக்கு இன்னா ஆகப் போவுது.

அச்சாபீசு வேலை கிடைச்சது என் வாய்த்துடுக்காலதான். செந்தாமரைக்குக் காது குத்துறதுக்குப் பத்திரிகை அடிக்கத் திருப்பத்தூருக்குப் போயிருந்தோம். அங்க மேஜை மேல ஒரு கல்யாண வாழ்த்து மடல் கெடந்துச்சி. கல்யாணத்துக்கு வர்ற சிநேகிதக்காரங்க சேர்ந்து, பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்திப் பாட்டு அடிச்சு, பந்தல்ல எல்லாருக்கும் குடுப்பாங்களே, அந்தத் தாளு. படிச்சுப் பாத்தேன். "இது யாரு எழுதினது? இதக் கேட்டா பொண்ணு தாலி கட்டறதுக்குள்ள தூங்கிடுவா"ன்னேன். எங்கூட்டுக்காரரு என் கையக் கிள்ளினாரு. அச்சாபீசு மொதலாளி சக்கரவர்த்தி கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்தாரு. "நாந்தான் எழுதினேன். நீ வேணா எழுதிக் குடேன்"ன்னாரு. அங்கயே நின்னு, புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு, எழுதிக் குடுத்தேன்.

அன்னியிலருந்து எனக்கு வேலை வந்துச்சி. பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, ஊரு, தேதி எல்லாம் ஒரு சீட்டுல எழுதி மொதலாளி பஸ்ஸுல அனுப்புவாரு. கண்டக்டர் வேடியப்பன் கொண்டாந்து குடுப்பான். எங்க வூடு பஸ்ஸு வந்து திரும்புற எடத்துலயே இருந்ததால அவனுக்கும் செரமமில்ல. மறுநா நான் எழுதினத வாங்கிக்கினு போய்டுவான். கூலி கொஞ்சம்தான், ஆனா அது என் கையில வந்தது. பேரு மட்டும் வர்ல. மடலுக்குக் கீழ 'அன்பு நண்பர்கள்'னு போட்டு முடிச்சிடுவாங்க.

அந்த வைகாசியில மொதலாளி ஒரு சீட்டு அனுப்பினாரு. திருப்பத்தூர்ல பெரிய புளி மண்டிக்காரரு வூட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை பேரு கோவிந்தன், பொண்ணு பேரு மங்கம்மாள். மலைப் புளி பூரா அவங்க மண்டியிலதான் எறங்கும். சீட்டுக்குக் கீழ மொதலாளி தன் கையால எழுதியிருந்தாரு: 'இது நன்றாக அமைந்தால் இதிலிருந்தே மடலில் உன் பேரைப் போடுகிறேன். வருடம் முழுவதும் எல்லா மடலும் உனக்கே. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து சேர வேண்டும். தவறினால் நானே எழுதிக்கொள்வேன்.'

நான் அந்தச் சீட்டப் பல தடவை படிச்சேன். எங்கூட்டுக்காரர எழுப்பிக் காட்டினேன். "சரி, நல்லதுதான்"னு திரும்பிப் படுத்துட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, ராத்திரி பூரா ஜெனரேட்டர் சத்தத்துல நின்ன மனுசன். ஆனா எனக்கு ஆத்திரம் வந்துச்சி. வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அன்னிக்கு சாயங்காலமே செந்தாமரைக்குக் காய்ச்சல் அடிச்சிது. மறுநா கண்ணு செவந்து, மூஞ்சி பூரா மணலு தூவின மாதிரி பொரிப் பொரியா கெளம்பிச்சி. மணல்வாரி அம்மை. பக்கத்து நெலத்துக்காரி சாந்தம்மாள் எட்டிப் பாத்தா, வந்த வேகத்துலயே போயி வேப்பந்தழை ஒடிச்சாந்து வாசல் மூங்கில் படல்ல சொருகினா. அவங்க காலங்காலமா இந்த மலையிலயே சாமை வெதைக்கிற குடும்பம். அம்மை விசயத்துல அவ சொன்னா ஊரே கேக்கும்.

"ஆத்தா வந்திருக்கா"ன்னா. "தாளிக்காத. துணி வெளுக்காத. உன் வூட்டுக்காரர ஆபீசு பக்கமே படுத்துக்கச் சொல்லு. நெருப்புக் கேட்டாக்கூட யாருக்கும் குடுக்காத. தண்ணி ஊத்துற வரைக்கும் படலத் தாண்டி இந்த வூட்டுப் பொருளு ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

எங்கூட்டுக்காரரு பாயச் சுருட்டிக்கினு ஆபீசு பக்கம் போய்ட்டாரு. அங்கயாவது நல்லாத் தூங்கியிருப்பாரு. நான் ஒருத்தியா மாட்டிக்கினேன். பெரியவளுக்கு ஒடம்பு அனலா கொதிக்குது, தண்ணி குடுத்தாலும் கஞ்சி குடுத்தாலும் துப்புறா. சின்னவனுக்கும் தொத்திக்குமோன்னு அவன இன்னொரு மூலையில போட்டா, மடிக்கு அழுவுறான். பகலு எது, ராத்திரி எதுன்னு தெரியல. ஆனா ஒண்ணு சொல்றேன், பெத்தவளுக்கு இப்படியும் மனசு இருக்குமான்னு நெனைச்சாலும் நெனைச்சிக்கங்க. வேப்பந்தழையால புள்ளைக்கு விசிறிக்கினே நான் மடல் எழுதினேன். வெள்ளிக்கிழமை தவறிடுமோன்னு நெஞ்சு அடிச்சிக்கிது. புள்ளைக்கு ஒண்ணு ஆயிடுமோன்னும் அடிச்சிக்கிது. ரெண்டும் ஒரே நெஞ்சுதான்.

வெள்ளிக்கிழமை காலையில பஸ்ஸு வந்து திரும்பி நின்னுச்சி. நான் தாள எடுத்துக்கினு படல்கிட்ட போனேன். வேடியப்பன் வழக்கம்போல சிரிச்சிக்கினே வந்தவன், படல்ல தொங்குற வேப்பந்தழையப் பாத்துட்டு ரோட்டு நடுவுலயே நின்னுட்டான். ரெண்டு கையயும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கினான்.

"அக்கா, எப்பலருந்து?"

"ரெண்டு மூணு நாளாச்சி தம்பி. இந்தா, இத மொதலாளிகிட்ட குடுத்துடு."

"வாங்க மாட்டேன்க்கா."

"காகிதத்துக்குமா அம்மை போடும்?"

"கோவிச்சிக்காதீங்க. எனக்கும் வூட்டுல சின்னப் புள்ளைங்க கீதுங்க. இது போறதும் கல்யாண வூட்டுக்கு. நாளைக்கு அங்க யாருக்காவது ஒண்ணுன்னா, யாரு தலையில விடியும்?"

அவன் புள்ளைங்கன்னு சொன்னதும் நீட்டின கைய இழுத்துக்கினேன். தாளப் புடிச்சிக்கினே நின்னேன். அழுக முட்டிக்கினு வந்துச்சி. பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. பாதிப்பேரு சந்தைக்குப் புளி கொண்டு போற மலைக்காரங்க, எல்லாருக்கும் என்னத் தெரியும். டிரைவர் ஆரன் அடிச்சாரு.

முன்னாடி சீட்டுல புளிக்கூடையோட இருந்த குப்பம்மாதான் வழி சொன்னா. "ஏன் கையில குடுக்கணும்? வாயால சொல்லட்டும். நீ எழுதிக்கோ. வாய்ப்பேச்சுக்கு இன்னா தீட்டு?"

வேடியப்பன் யோசிச்சான். தோல் பையில இருந்து ஒரு பழைய சினிமா நோட்டீச எடுத்து, பின்பக்கத்தத் திருப்பி, பஸ்ஸு பக்கத் தகரத்துல சாய்ச்சி வெச்சிக்கினான். "சத்தமா சொல்லுங்கக்கா."

நான் படலுக்கு இந்தப் பக்கம், அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஏலம் போடறவ மாதிரி கத்திக் கத்திப் படிச்சேன்.

"சாமையும் தேனும் சேர்ந்தது போல
சந்தனப் பந்தலில் சேர்ந்தவர் வாழ்க."

"நல்லா கீது"ன்னு பஸ்ஸுக்குள்ள ஒரு குரல் கேட்டுச்சி.

"அடுப்புப் புகைந்தால் இருவரும் ஊதுக,
அரிசி குறைந்தால் இருவரும் பொறுக்க."

"ஐயய்ய"ன்னு குப்பம்மா கைய வீசினா. "கல்யாணத் தாள்ல புகையாம், அரிசி கொறையுதாம். மண்டிக்காரரு வூட்டுல அரிசி கொறையுமா? மாத்தும்மா."

மாத்தச் சொன்னா மாத்திட முடியுமா? உள்ள செந்தாமரை அனத்துறா, சின்னவன் அழுவ ஆரம்பிச்சிட்டான், டிரைவர் மறுபடியும் ஆரன் அடிக்கிறாரு. நின்ன நெலையிலயே மாத்தினேன்.

"பால்பொங்கும் போதில் இருவரும் காண்க,
பந்தியில் இருவரும் சேர்ந்தே அமர்க."

"இதான் சரி"ன்னாங்க. அதுக்கப்புறம் நான் பல தடவை யோசிச்சி எழுதி வெச்சிருந்த அடி.

"பிள்ளை அழுதால் தாய்மட்டும் எழாமல்
பெற்றவன் தானும் எழுந்திட வாழ்க."

பஸ்ஸுல பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. ஆம்பளைங்க ஜன்னலுக்கு வெளிய பாத்தாங்க. டிரைவர் கூட ஆரன்ல இருந்து கைய எடுத்துட்டுச் சிரிச்சாரு. இதையும் மாத்தச் சொல்லுவாங்களோன்னு பயந்தேன், யாரும் சொல்லல. மீதி அடிங்களையும் சொல்லி முடிச்சேன்.

"கீழ மாணிக்கம்மாள்னு போடு தம்பி."

வேடியப்பன் பேனா நின்னு போச்சி. அவன் குப்பம்மாவப் பாத்தான். குப்பம்மா என்னப் பாத்தா. அவ மொகத்துல கோவமில்ல, பாவம் பாக்குற மாதிரிதான் இருந்துச்சி.

"பேரு வேணாம்மா"ன்னா. "பாட்டு யாரு வூட்டுதும் இல்ல. பேரு இந்த வூட்டோடது. பேரு போனா ஆளே எழுந்து கல்யாணத்துக்குப் போன மாதிரி."

"பேரு போடறேன்னு மொதலாளியே சொல்லியிருக்காரு."

"ஆமாக்கா, பேரு இல்லாம வராதன்னும் சொன்னாரு. அதுக்கு எடம் வுட்டுத்தான் மத்த அச்செழுத்தெல்லாம் கோத்து வெச்சிருக்காங்களாம்"ன்னான் வேடியப்பன். அவனுக்கும் சங்கடம்.

"ஆத்தா எறங்கின வூட்டுல இருக்கறவளுக்கு ஏது தனியா பேரு?"ன்னா குப்பம்மா. "இப்ப அது மாரியாத்தா வூடு. மாரியம்மாள்னு போட்டுக்கோ. ஆருக்கும் கெடுதி இல்ல."

"அதான் சரி"ன்னு பஸ்ஸே சொல்லிச்சி. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தாளக் கிழிச்சி அடுப்புல போட்டிருப்பேன். எழுதினவ நான், ராத்திரியும் பகலும் கண்ணு முழிச்சவ நான், பேரு மட்டும் ஆத்தாளுக்கா? என் பேரப் போட மாட்டேன்னா பாட்டும் கெடையாதுன்னு சொல்ல வாயத் தெறந்தேன். அப்பதான் உள்ள செந்தாமரை 'அம்மா'ன்னு வீல்னு கத்தினா. வாந்தி எடுத்திருப்பா போல. ஒரு நிமிசம் நின்னு சண்ட போட எனக்கு நேரமில்ல, தெம்பும் இல்ல. வருசம் பூரா வர்ற வேலை போயிடுமேன்னும் இருந்துச்சி. "போட்டுக்கினு போ"ன்னு சொல்லிட்டு உள்ள ஓடினேன். பஸ்ஸு கெளம்புற சத்தம் முதுகுக்குப் பின்னால கேட்டுச்சி.

இந்த ஒரு தடவைதானேன்னு மனசத் தேத்திக்கினேன். அடுத்த மடல்ல என் பேரு வந்துடும்.

செந்தாமரைக்குப் பொரி எறங்கி, வேப்பந்தழையும் மஞ்சளும் போட்டுத் தண்ணி ஊத்தினோம். சின்னவனுக்கு நல்லவேளையா தொத்தல. எங்கூட்டுக்காரரு பாயோட திரும்பி வந்தாரு. நான் எளச்சி நாரா போயிருந்தேன். அப்பதான் வேடியப்பன் மடலக் கொண்டாந்தான். ரோஸ் கலரு தாளு, ஓரத்துல தங்கக் கலரு பூவேலை. கீழ கொட்டை எழுத்துல 'யாத்தவர்: கவிஞர் மாரியம்மாள்'.

"அக்கா, சமாச்சாரம் தெரியுமா?"ன்னான். கல்யாணத்துல மடல மைக்குல படிச்சாங்களாம். பெத்தவனும் எழுந்துக்கணும்கிற அடி வந்தப்ப பந்தல்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்களாம். யாரு இந்த மாரியம்மாள்னு மண்டிக்காரரு சம்சாரம் கேட்டிருக்காங்க. இவன் சும்மா இருந்திருக்கலாம். அம்மை போட்ட வூட்டுல இருந்து வந்த வாக்குன்னு நடந்தத எல்லாம் சொல்லிட்டான். மொதலாளிக்கு வேர்த்துப் போச்சாம், இன்னா ஆவுமோன்னு. அந்தம்மா மடலக் கண்ணுல ஒத்திக்கினு, "ஆத்தாளே வாயத் தெறந்து வாழ்த்தியிருக்கா"ன்னு சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிட்டாங்களாம்.

அவ்ளோதான். ஆடி கழிஞ்சி ஆவணி பொறந்ததும் சீட்டு சீட்டா வந்துச்சி. எல்லாத்துலயும் 'மாரியம்மாள் மடல்' 'மாரியம்மாள் மடல்'னுதான் எழுதியிருக்கும். எல்லாருக்கும் அந்த எழுந்துக்கிற அடி கண்டிப்பா வேணும். சந்தைக்குப் போற பஸ்ஸுல ஒருத்தி புருசன்கிட்ட சொல்லிக்கினு வர்றா, "ஆத்தா வாக்குய்யா, இனிமே ராத்திரி ஏணைய நீதான் ஆட்டணும்"ன்னு. அவனும் தலைய ஆட்டிக்கினே வர்றான். நான் பக்கத்து சீட்டுல சின்னவன மடியில போட்டுக்கினு கேட்டுக்கினே வர்றேன். எங்க வூட்டுல அந்த மடலப் படிச்சுக் காட்டினதுக்கு, "நல்லாத்தான் எழுதியிருக்க"ன்னு சொல்லிட்டுப் போர்வைய இழுத்து மூடிக்கினாரு.

கல்லு மேல ஒக்காந்து ஒக்காந்து முதுகு வளைஞ்சி போச்சி. ஒரு முகூர்த்த நாளுக்கு அத்தினி கல்யாணம். கோவிந்தனுக்கு எழுதினத வடிவேலுக்கு எழுத முடியாது, பேருக்கேத்த மாதிரி அடி புடிக்கணும். கொழம்பு அடிபுடிச்ச நாளுதான் அதிகம். ஒவ்வொரு மடல் முடிக்கும்போதும் கீழ மாணிக்கம்மாள்னு தெளிவா எழுதி அனுப்பினேன். ஒவ்வொண்ணும் மாரியம்மாளாவே அச்சாகி வந்துச்சி. வேடியப்பன்கிட்ட சொல்லி அனுப்பினேன், "பாக்கலாம்னு சொன்னாருக்கா"ன்னான். அப்புறம் பொறுக்க முடியல. ரெண்டு புள்ளைங்களயும் இழுத்துக்கினு நானே திருப்பத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அச்சாபீசுல மொதலாளி மரியாதையாத்தான் ஒக்காரச் சொன்னாரு. கலரு சோடா வாங்கிக் குடுத்தாரு. "மெசினு ஓயாம ஓடுதும்மா, எல்லாம் உன்னாலதான்"ன்னாரு.

"என்னாலன்னா என் பேரப் போடுங்க."

அவரு கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. "நான் குடுத்த வாக்க மறக்கல. ஆனா கேக்குறவங்க வேற ஒண்ணக் கேக்குறாங்களே, நான் இன்னா பண்ணட்டும்? அந்தப் பேர அப்படியே அச்சடிக்க பிளாக்கு கூட பண்ணி வெச்சாச்சி."

"ஆத்தா இன்னும் எங்க வூட்டுல கீறாளா? என் புள்ளையப் பாருங்க, நல்லா ஓடி ஆடுறா. தண்ணி ஊத்தி எத்தினி மாசமாச்சி."

அந்த நேரம் பாத்து தம்பி கல்யாணத்துக்கு மடல் அடிக்கணும்னு அமிர்தியில இருந்து ஒருத்தரு வந்தாரு. மொதலாளி என்ன வெச்சிக்கினே அவருகிட்ட கேட்டாரு. "மாணிக்கம்மாள்னு ஒருத்தங்க நல்லா எழுதுறாங்க. அவங்களுதப் போட்டுடலாமா?"

"அதெல்லாம் வேணாங்க"ன்னாரு அந்த ஆளு. "எங்க வூட்டுல மாரியம்மாளுதுதான் வேணும்னு சொல்லி அனுப்பிச்சாங்க. யாரோ எழுதினது எங்களுக்கு எதுக்கு?"

நான் அங்கதான் ஒக்காந்திருந்தேன். சின்னவன் என் தாலிக்கயித்தப் புடிச்சி இழுத்துக்கினு இருந்தான். அந்தாள்கிட்ட சண்டைக்குப் போயிருப்பேன், ஆனா இன்னான்னு போறது? அவரு என்னத் திட்டல, என்னத் தெரியவே தெரியாது. அவரு போனதும் எனக்கு அழுக வந்துச்சி. புள்ளைங்க எதிர்ல அழக் கூடாதுன்னு கலர முழுங்கினேன்.

மொதலாளிக்கு மனசு கேக்கல போல. "கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் நெறைய வருதும்மா"ன்னாரு. "அதுக்கு வேணா உன் பேரப் போடறேன். சாவு நோட்டீசுல மாரியம்மா பேரப் போட யாரும் ஒத்துக்க மாட்டாங்க. உன் பேரப் போட்டா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

தப்பா நெனைச்சி சொல்லல அவரு. எனக்குத்தான் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சி. எழுந்து போயிடலாம்னு பாத்தேன். எழுந்துக்கணும்னா ஒண்ண இடுப்புல தூக்கணும், ஒண்ணக் கையில புடிக்கணும், பையத் தேடணும். அதுக்குள்ள கோவம் தணிஞ்சி போச்சி. "சரி, அனுப்புங்க"ன்னேன்.

முதல் சீட்டு கார்த்திகையில வந்துச்சி. ராணியம்மாள், திருப்பத்தூர் பக்கத்துல ஒரு ஊரு, என்ன வுட சின்னவ. ரெண்டாவது பிரசவத்துல போயிட்டா. புள்ளை தங்கிடுச்சி. மூத்ததுக்கு செந்தாமரை வயசுதான். புருசன் பேருல அஞ்சலி போடணும்னு மொதலாளி எழுதியிருந்தாரு. கல்லு மேல ஒக்காந்து ஏணைக் கயித்த வெரல்ல மாட்டிக்கினேன். கல்யாண மடலுக்கெல்லாம் பேருக்கேத்த அடி தேடித் தேடி மூளை காஞ்சி போறவ, இதுக்கு ஒண்ணயும் தேடல. அவள எனக்கு முன்ன பின்ன தெரியாது, ஆனா அவ வூடு முழுசும் எனக்குத் தெரிஞ்சிது. எழுதி முடிக்கிறதுக்குள்ள தாளு நனைஞ்சி போச்சி, வேற தாள்ல எழுதினேன். கீழ என் பேர எழுதினேன்.

அதுக்கு அடுத்த வாரம் சின்னவனுக்குக் காதுல சீழ் வெச்சிச்சி. அவனத் தூக்கிக்கினு திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செந்தாமரைய சாந்தம்மாள்கிட்ட வுட்டிருந்தேன். காட்டிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, டீக்கடை செவுத்துல அந்த நோட்டீசு ஒட்டியிருக்குது. கருப்பு பார்டரு போட்டு, நடுவுல ஒரு சின்னப் பொண்ணு போட்டோ, எண்ணெய் வெச்சி வாரின தலை. கீழ நான் எழுதின அடிங்க. அதுக்கும் கீழ, மூலையில, பொடி எழுத்துல என் பேரு.

மாணிக்கம்மாள்.

நான் பாத்துக்கினே நின்னேன். சந்தோசமா இல்ல. சந்தோசமா இல்லன்னும் சொல்ல முடியல. தொட்டுப் பாக்கணும்னு இருந்துச்சி, ஆனா செத்தவ போட்டோவுக்குக் கீழ கைய நீட்ட எப்படியோ இருந்துச்சி.

பக்கத்துல சீதாப்பழக் கூடைய எறக்கி வெச்சிட்டு ஒரு அம்மா வந்து நின்னாங்க. அவங்களும் அந்தப் போட்டோவயே பாத்தாங்க. "சின்னப் பொண்ணா கீதே"ன்னாங்க. "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. இன்னா போட்டிருக்குது, கொஞ்சம் சொல்லேன்."

சின்னவன் தோள்ல தூங்கிப் போயிருந்தான். நான் படிச்சேன்.

"கொல்லையில் காய்கிறது நீ துவைத்த சேலை,
மடித்து வைக்க யாருக்கும் கை வரவில்லை.
பால்தேடும் பிள்ளைக்குப் பதில்சொல்லத் தெரியாமல்
பக்கத்து வீடெல்லாம் விளக்கேற்றவில்லை."

அந்த அம்மா முந்தானையால கண்ணத் துடைச்சிக்கினாங்க. "பெத்தவ வலி தெரிஞ்ச யாரோ சொன்ன மாதிரி கீது"ன்னாங்க. அப்புறம் மூலைய வெரல்ல காட்டினாங்க. "அது இன்னா, தனியா கீழ இருக்கறது?"

"மாணிக்கம்மாள்னு போட்டிருக்குது."

"யாரு அது? செத்தவளுக்கு அக்காளா?"

எழுதினவ பேருன்னு சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா கண்ணு இன்னும் ஈரமா இருந்துச்சி. புருசன் பேரு, புள்ளைங்க பேருன்னு சொந்தக்காரங்க பேரெல்லாம் இருக்கிற நோட்டீசுல, கடைசியில ஒரு பொம்பளை பேரு இருந்தா அது வேற யாரா இருக்கும்?

"ஆமாங்க, அக்காதான்"ன்னேன்.

"பாவம், எப்படித்தான் தாங்கறாளோ"ன்னாங்க.

"தாங்கிக்குவாங்க"ன்னு சொல்லிட்டு, புள்ளைய இன்னொரு தோளுக்கு மாத்திக்கினு, காவலூர் பஸ்ஸுல ஏறினேன்.